ஓடாவி பதில்கள்: அப்பாவின் வள்ளத்தை மறுபடி தண்ணீரில் இறக்கலாமா?

நான் ஓடாவி, மரப்படகு கட்டுகிற தச்சன். இந்த மாதம் எனக்கு வந்த கடிதங்களில் ஒன்று எட்டுப் பக்கம். கூடவே பதினோரு போட்டோ. அதற்குத்தான் அதிக இடம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அவர்கள் கேட்டதில் பாதிக்கு அந்தப் பதிலிலேயே விஷயம் இருக்கிறது.

கேள்வி: என் அப்பாவின் 28 அடி மரப்படகை, வள்ளத்தை, 2018 நவம்பரில் கஜா புயல் கரையிலிருந்து தூக்கித் தென்னந்தோப்புக்குள் போட்டுவிட்டது. ஒரு பக்கம் மூன்று பலகை உடைந்தது. பிறகு ஃபைபர் படகு வாங்கித் தொழில் பார்க்கிறோம். வள்ளம் அங்கேயே கிடக்கிறது. அப்பா போன வருடம் தவறிவிட்டார். அதைச் சரிசெய்து கடலில் இறக்க வேண்டும் என்று ஆசை. பார்க்கிறவர்கள் எல்லாம் விறகுக்குப் போடு என்கிறார்கள். பலகைக்குப் பலகை விரல் போகிற அளவுக்குச் சந்து விட்டிருக்கிறது. எம்சீல் வைத்து அடைத்துவிடலாமா? எங்கிருந்து தொடங்குவது?
— ஒரு வாசகர், மல்லிப்பட்டினம்

பதில்: தம்பி, முதலில் அந்த எம்சீல் டப்பாவைத் தூர வையுங்கள். அந்தச் சந்தில் இப்போதைக்கு எதையுமே வைக்காதீர்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

விரல் போகிற சந்தைப் பார்த்துத்தான் எல்லோரும் விறகு என்கிறார்கள். எனக்கு அது கவலையே இல்லை. காய்ந்த மரம் சுருங்கும், நனைந்தால் உப்பும். என்னைக் கவலைப்பட வைத்தது உங்கள் நாலாவது போட்டோ. படகுக்குள் தென்னஞ்சருகு மட்கிக் கிடக்கிறது, அதற்குக் கீழே கறுப்பாகத் தண்ணீர் நிற்கிறது. அது மழைத் தண்ணீர். உங்கள் படகைத் தின்றுகொண்டிருப்பது அதுதான்.

கடல் தண்ணீர்தான் மரத்தை அழிக்கும் என்று நினைக்கிறவர்கள் நிறைய. உப்புத் தண்ணீர் மரத்துக்குக் கருவாட்டுக்கு உப்பு மாதிரி. உப்பு ஏறின மரத்தில் பூஞ்சை லேசில் பிடிக்காது. நல்ல தண்ணீர் நின்று, காற்று போகாமல், நிழலில் ஈரம் காத்தால் மரம் பஞ்சாகிவிடும். கடலில் இருபது வருடம் ஓடின படகு தோப்புக்குள் நாலைந்து மழைக்காலத்தில் போய்விடுவதை நான் பார்த்திருக்கிறேன். அதனால் இந்தக் கடிதத்தைப் படித்த அன்றைக்கே சருகை அள்ளி வெளியே போடுங்கள், தண்ணீரை இறைத்துவிடுங்கள். மேலே தார்ப்பாய் போட்டு மூடிக் கட்டிவிடாதீர்கள், உள்ளே வேர்க்கும். நாலு கால் நட்டுக் கீற்றுக் கொட்டகை போடுங்கள். நாலு பக்கமும் காற்று ஓட வேண்டும், தலைக்கு மேலே மட்டும் கூரை. படகு மண்ணில் பட்டுக் கிடக்கக் கூடாது.

சரி, அப்புறம் படகை நிமிர்த்துவது. ஏராக்கட்டைக்கு, அதாவது அடியில் நீளவாக்கில் ஓடுகிற கட்டைக்கு, நாலு அடிக்கு ஒரு தாங்குகட்டை வையுங்கள். பக்கவாட்டில் முட்டுக் கொடுங்கள். அணியத்திலிருந்து (முன்முனை) அமரம் (பின்முனை) வரை ஏராவை ஒட்டி ஒரு நூல் பிடித்துப் பாருங்கள். வள்ளம் ஆறேழு வருடமாகச் சாய்ந்தே கிடந்திருக்கிறது. நடு உயர்ந்து இரண்டு முனையும் தொங்கியிருக்கும், அல்லது மேட்டுப்பள்ளத்துக்கு ஏற்றபடி முறுகியிருக்கும். நூலுக்கும் கட்டைக்கும் இடையில் ஒரு விரல் வித்தியாசம் என்றால் பயமில்லை. நாலு விரல் இருந்தால் ஜாக்கி வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். வாரத்துக்கு ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், போதும். ஒரே நாளில் நிமிர்த்தினால் ஆணிகள் எல்லாம் பிடுங்கிக்கொண்டு வரும். இதில் பொறுமை இல்லாதவர்களுக்கு மேற்கொண்டு நான் சொல்வது எதுவும் உதவாது.

படகு நேராக உட்கார்ந்த பிறகு சுத்தியலை எடுங்கள். எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது அப்பா என்னை வத்தை என்கிற ஒரு பழைய மரப்படகின் அடியில் உட்காரவைத்து, கண்ணை மூடிக்கொண்டு தட்டச் சொன்னார். ஒவ்வொரு சாண் இடைவெளியிலும் ஒரு தட்டு. நல்ல மரம் ‘டங்’ என்று கையைத் திருப்பித் தள்ளும். உளுத்த மரம் ‘பொத்’ என்று அடியை விழுங்கிக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவில் ஒரு சத்தம் உண்டு, காய்ந்த சுரைக்காயைத் தட்டுகிற மாதிரி. அது வெளியே தோல் நன்றாக இருந்து உள்ளே புழு ஓடின பலகை. அந்த மூன்றாவது சத்தத்தைப் பிடிக்க எனக்கு இரண்டு வருடம் ஆனது. உங்களுக்கு அவ்வளவு நேரம் இல்லை, அதனால் சந்தேகப்பட்ட இடத்தில் குத்தூசியால் குத்திப் பாருங்கள். கால் அங்குலத்துக்கு மேல் சுலபமாக இறங்கினால் சாக்கட்டியால் வட்டம் போடுங்கள்.

முக்கியமாகப் பார்க்க வேண்டிய இடங்கள் இவை. ஏராவை ஒட்டின முதல் பலகை. அணியத்துக் கட்டையில் பலகை வந்து சேருகிற கூட்டு. அமரத்துப் பலகையின் இரண்டு கீழ் மூலை. மேல்தட்டுக்கு அடியில், காற்றே போகாத இடுக்கு. அப்புறம் ஒவ்வொரு ஆணிக்கும் போல்ட்டுக்கும் சுற்றிலும். இரும்பு துருப்பிடித்த இடத்தில் மரம் கறுத்து, நகத்தால் கீறினாலே மாவாக உதிரும். இந்த மாதிரி இடத்தில் ஆணியை மட்டும் மாற்றிப் பிரயோஜனம் இல்லை, பிடிக்க அங்கே மரமே இருக்காது.

கடல் புழுவைப் பற்றியும் ஒரு வார்த்தை. பேர்தான் புழு. உண்மையில் அது மட்டி, சிப்பி வகையைச் சேர்ந்தது. குஞ்சாக இருக்கும்போது குண்டூசித் துவாரம் வழியாக உள்ளே போய், மரத்தைக் குடைந்துகொண்டே வளரும். அதனால் வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. பலகையை அறுத்தால் உள்ளே விரல் தடிமனுக்குக் குழாய் குழாயாக ஓடியிருக்கும், குழாய்க்குள் வெள்ளையாகச் சுண்ணாம்பு பூசினது மாதிரி இருக்கும். உங்கள் படகு வருடக்கணக்கில் தரையில் கிடப்பதால் இருந்த புழு எல்லாம் எப்போதோ செத்திருக்கும். ஆனால் அது செய்துவிட்டுப் போன குழாய் அப்படியே இருக்கும். கரையில் ஏற்றி இறக்குகிற படகுக்கு இந்தத் தொல்லை குறைவு, எப்போதும் தண்ணீரில் நங்கூரமிட்டுக் கிடக்கிற படகுக்குத்தான் அதிகம். உங்கள் வள்ளம் இதில் எந்த ரகமாக ஓடினது என்று கடிதத்தில் இல்லை. உங்கள் அப்பாவோடு தொழிலுக்குப் போனவர்களிடம் கேளுங்கள்.

வட்டம் போட்டு முடித்ததும் எண்ணிப் பாருங்கள். ஏரா நன்றாக இருந்து, வங்குகளில், அதாவது விலா எலும்பு மாதிரி வளைந்த கட்டைகளில், பாதிக்கு மேல் கெட்டியாக இருந்தால் தைரியமாகத் தொடங்கலாம். பலகை எத்தனை போனாலும் மாற்றலாம். ஏரா நடுவில் பஞ்சாகியிருந்தால் அது புதுப்படகு கட்டுகிற வேலை. போட்டோவில் பார்த்தவரை ஏரா பிழைத்துக்கொள்ளும் போலத் தெரிகிறது. நேரில் தட்டிப் பார்க்காமல் அதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

எங்கள் பக்கம் படகின் விலா எலும்பை வங்கு என்போம். அதற்கு நாட்டுக் கருவேலம் மாதிரி நல்ல மரம் கிடையாது. நேர் மரத்தை வளைவாக அறுத்துப் போடாதீர்கள். அப்படி அறுத்தால் நார் குறுக்கே வெட்டுப்பட்டு, முதல் அலையிலேயே விரிசல் விடும். கிளை பிரிகிற இடத்தில் இயற்கையாக வளைந்த மரத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். என் அப்பா வெளியூருக்குப் பஸ்ஸில் போனாலும் ஜன்னல் வழியாக மரங்களைத்தான் பார்த்துக்கொண்டு வருவார். ‘அந்தக் கிளையில் ரெண்டு வங்கு இருக்கு’ என்பார். பழைய வங்கைப் பிடுங்காமல், பக்கத்திலேயே புது வங்கு ஒன்றை இணையாகப் போட்டு இறுக்குவதும் உண்டு. முதல் தடவை செய்கிறவர்களுக்கு அதுதான் பத்திரம்.

இங்கேதான் பலர் படகை இழக்கிறார்கள். கெட்டதை எல்லாம் முதலில் கழற்றிவிட்டு, பிறகு புதியதைப் போடலாம் என்று நினைப்பார்கள். இரண்டு பக்கமும் பலகையைக் கழற்றின மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் படகு வாயைப் பிளந்து வேறு வடிவத்தில் நிற்கும். அப்புறம் எந்தப் பலகையும் பொருந்தாது. ஒரு பலகையை எடுத்தால் அதைப் போட்டு முடித்த பிறகுதான் அடுத்தது. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றிப் போக வேண்டும்.

பலகைக்கு அயினி மரம் கிடைத்தால் அயினி, இல்லையென்றால் வேம்பு. உங்கள் படகு எந்த மரம் என்று தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உள்பக்கத்தில் ஒரு இடத்தில் இழைப்புளியை ஓட்டி, சுருளை மூக்குக்கிட்டே வைத்துப் பாருங்கள். முப்பது வருடப் பலகை ஆனாலும் வேம்பென்றால் அந்தக் கசப்பு வாசம் வரும். அது வந்தால் அந்தப் பலகையில் இன்னும் உயிர் இருக்கிறது. காளான் வாசம் வந்தால் மாற்ற வேண்டியதுதான்.

பலகையோடு பலகை ஒட்டும்போது சாய்வாக அறுத்து ஒன்றன்மேல் ஒன்று படுக்க வையுங்கள். பலகைத் தடிமன் ஒரு அங்குலம் என்றால் சாய்வு குறைந்தது எட்டு அங்குலம் இருக்க வேண்டும். மேல் பலகையின் ஒட்டும் கீழ்ப் பலகையின் ஒட்டும் ஒரே வங்குக்கு நேராக வரக் கூடாது. ஆணிக்கு முதலில் துளை போடுங்கள். துத்தநாகம் பூசின இரும்பு ஆணி போதும். ஒரே படகில் செப்பு ஆணியும் இரும்பு ஆணியும் கலந்து போடாதீர்கள், உப்புத் தண்ணீரில் இரண்டும் சேர்ந்தால் இரும்பு சீக்கிரம் கரைந்துபோகும்.

இப்போது அந்தச் சந்துக்கு வருகிறேன். மரம் காய்ந்து சுருங்கியிருக்கிறபோது சந்தில் கெட்டியாக எதையாவது அடைத்துவிட்டீர்கள் என்று வையுங்கள். படகைத் தண்ணீரில் விட்டதும் பலகை உப்பும். உப்புகிற மரத்துக்குப் போக இடம் வேண்டும். இடம் இல்லாவிட்டால் அது வங்கை நெட்டித் தள்ளும், ஆணித் தலையை இழுத்துக்கொண்டு போகும். கல் உடைக்கிறவர்கள் அந்தக் காலத்தில் துளையில் காய்ந்த மர ஆப்பை வைத்துத் தண்ணீர் ஊற்றியே பாறையைப் பிளப்பார்கள். அந்த வேகம்தான் உங்கள் படகுக்குள் வேலை செய்யும்.

ஆகையால் முதலில் நனைக்க வேண்டும். பலகை வேலை முடிந்ததும் உள்ளேயும் வெளியேயும் சாக்கு விரித்துக் காலை, மதியம், மாலை கடல் தண்ணீர் ஊற்றுங்கள். கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், கடலிலிருந்து டிரம்மில் எடுத்து வாருங்கள். பத்துப் பதினைந்து நாளில் விரல் போன சந்தில் நகம்தான் போகும். அப்போது கலப்பத்துக்கு, அதாவது சந்தை அடைக்கிற வேலைக்கு, உட்காருங்கள். பருத்திப் பஞ்சைத் திரியாக முறுக்கி, கலப்பத்து உளியை வைத்துக் கொட்டாப்புளியால் (மரச் சுத்தியல்) தட்டித் தட்டி இறக்க வேண்டும். சந்தின் ஆழத்தில் பாதிக்குப் பஞ்சு, மீதிக்குப் பூச்சு. இரும்புச் சுத்தியல் வேண்டாம். அதில் அடித்தால் எவ்வளவு இறுகியது என்று கைக்குத் தெரியாது.

பூச்சுக்குக் குங்கிலியம் என்கிற மரப்பிசின். பொடித்து, எண்ணெயில் போட்டு மெதுவான தீயில் கரைய விட வேண்டும். கொட்டகைக்கு வெளியே திறந்த இடத்தில் அடுப்பு வையுங்கள், பக்கத்தில் மணல் வாளி இருக்கட்டும், பொங்கினால் தீப்பிடித்துக்கொள்ளும். பதம் பார்க்க ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு எடுத்து விரலால் மடக்குங்கள். ஒடிந்தால் எண்ணெய் போதவில்லை. விரலில் ஒட்டிக்கொண்டு வந்தால் குங்கிலியம் போதவில்லை. மடங்கி, திரும்பி நிமிர்ந்தால் இறக்கிவிடலாம். சூட்டோடு சந்தில் தேய்க்க வேண்டும்.

உள்பக்கத்துக்குப் பெயின்ட் அடிக்காதீர்கள். புன்னை எண்ணெயோ மீன் எண்ணெயோ லேசாகச் சுடவைத்து, மரம் குடிக்கிற வரை கொடுங்கள். மூன்று தடவைக்கு மேல் தாராளமாகக் குடிக்கும். வெளிப்பக்கம் பெயின்ட் அடிக்கலாம்.

இறக்கின அன்றைக்குத் தண்ணீர் வரும். ஊர் கூடி நின்று பார்க்கும், ‘நான் அப்பவே சொன்னேன்’ என்று யாராவது சொல்வார்கள். மனசு விடாதீர்கள். இடுப்பளவு தண்ணீரில் கட்டிப்போட்டு, இறைத்துக்கொண்டே இருங்கள். இரண்டாம் நாள் குறையும். மூன்றாம் நாள் காலையில் உள்ளே ஒரு சொம்பு தண்ணீர்தான் நிற்கும்.

தையில் தொடங்குங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் எல்லாம் கரையேறும், அப்போது நல்ல தச்சர் ஒருவரும் உங்களுக்குக் கிடைக்க மாட்டார். படகின் பதிவு அப்பா பேரில் இருக்கும். வேலை தொடங்கும்போதே மீன்வளத்துறை அலுவலகத்துக்குப் போய் உங்கள் பேருக்கு மாற்றுவதைக் கேட்டுவிடுங்கள். ஏரா நூல் பிடித்த அளவை எனக்கு எழுதுங்கள். பக்கத்தில்தான் இருக்கிறேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து தட்டிப் பார்க்கிறேன்.

கேள்வி: சுனாமிக்குப் பிறகு கிடைத்த ஃபைபர் படகு. என் வீட்டுக்காரர் அதில்தான் இன்னும் போகிறார். அடிப்பக்கம் ஒரு இடத்தில் மிதித்தால் அமுங்குகிறது. முன்பு நாலு பேர் இழுத்த படகை இப்போது எட்டுப் பேர் இழுத்தாலும் நகர்வதில்லை. ரெசின் பூசினால் சரியாகுமா?
— ஒரு வாசகி, தரங்கம்பாடி

பதில்: தங்கச்சி, நீங்கள் எழுதின இரண்டாவது விஷயம்தான் பெரியது. படகு கனத்துவிட்டது. ஃபைபர் தண்ணீர் குடித்து அவ்வளவு கனக்காது. மிதப்புக்காக மூடின அறைக்குள் தெர்மாகோல் வைத்திருப்பார்களே, அங்கே தண்ணீர் புகுந்திருக்கிறது. அந்த அறையின் ஆகத் தாழ்வான மூலையில் சின்னதாக ஒரு துளை போடச் சொல்லுங்கள். சொட்டுச் சொட்டாக வந்தால் பரவாயில்லை. ஒழுகிக்கொண்டே இருந்தால் அறையின் மேல்தட்டை அறுத்துத் திறந்து, பழைய தெர்மாகோலை எடுத்துப் போட்டுவிட்டு, உள்ளே காயவைத்துப் புதிதாக வைக்க வேண்டும். இதைத் தள்ளிப்போட வேண்டாம். படகு கவிழ்ந்தால் அதைப் பிடித்துக்கொண்டுதான் மனுஷர் மிதக்க வேண்டும். தண்ணீர் நிறைந்த அறை மிதக்க வைக்காது.

அமுங்குகிற இடத்துக்கு மேலாக ரெசின் பூசுவது புண்ணை மூடிக் கட்டுவது போலத்தான். அமுங்குகிற பகுதியையும் சுற்றிக் கொஞ்சமும் அரைத்து எடுக்க வேண்டும். ஓரத்தைச் செங்குத்தாக விடாமல் சரிவாகத் தேய்க்க வேண்டும். ஃபைபர் 5 மில்லிமீட்டர் தடிமன் என்றால் சரிவு 60 மில்லிமீட்டர் அகலம் இருக்கட்டும். புது ஃபைபர் பழையதைப் பிடித்துக்கொள்வது அந்தச் சரிவில்தான். நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவி, நன்றாகக் காயவைத்து, அசிட்டோனால் துடைத்த பிறகு மேட் (கண்ணாடி நார் விரிப்பு) ஒன்று, ரோவிங் (நெய்த கண்ணாடி நார்) ஒன்று என்று மாற்றி மாற்றி வைத்து, காற்றுக் குமிழி இல்லாமல் உருளையால் அழுத்த வேண்டும். மழை நாளில், பனி இறங்குகிற நேரத்தில் செய்யவே கூடாது.

ஒரு எச்சரிக்கை. ரெசினில் கலக்க இரண்டு மருந்து கொடுப்பார்கள். ஒன்று கோபால்ட், ஊதா நிறம். இன்னொன்று ரெசினை இறுக வைக்கிற கேட்டலிஸ்ட், தண்ணீர் மாதிரி இருக்கும். கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டு, பூசுவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் கேட்டலிஸ்ட். ஒரு கிலோ ரெசினுக்கு 10 முதல் 20 கிராம் கேட்டலிஸ்ட் போதும். இந்த இரண்டு மருந்தையும் நேராக ஒன்றோடொன்று ஊற்றிவிட்டால் தீப்பிடித்து வெடிக்கும். கேட்டலிஸ்ட் கண்ணில் தெறித்தால் பார்வை போய்விடும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் இரண்டு பாட்டிலையும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள்.

அடிப்பக்கம் நடுவில் நீளமாகத் தேய்ந்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். தினம் மணலில் இழுத்து இழுத்து அங்கே ஃபைபர் காகிதம் மாதிரி ஆகியிருக்கும்.

கேள்வி: பழைய மரப்படகின் மேல் முழுதாக ஃபைபர் ஒட்டிவிட்டால் கலப்பத்தே வேண்டாம் என்கிறார்களே?
— ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: ஒட்டாதீர்கள். இதை நான் என் கையால் செய்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன். இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால், ஒரு உறவுக்காரர் கேட்டார் என்று அவருடைய வள்ளத்துக்கு மூன்று அடுக்கு ஒட்டிக்கொடுத்தேன். இறக்கின அன்று கண்ணாடி மாதிரி இருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை. இரண்டு மழைக்காலம் கழித்துக் கூப்பிட்டார். ஓரத்தில் உளியை விட்டு நெம்பினேன், பலாப்பழத் தோல் மாதிரி ஒரு கை அகலத்துக்கு உரிந்து வந்தது. உள்ளே பலகை கறுப்பு. கையால் பிழிந்தால் தண்ணீர் வடிந்தது. அவருடைய ஒரே படகு அது. வாங்கின கூலியைத் திருப்பிக் கொடுத்தேன், ஆனால் படகைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. இன்றைக்கும் அந்தத் தெரு வழியாகப் போகும்போது அது ஞாபகம் வரும்.

என்ன நடந்தது என்றால், மேலே பெய்த மழைத் தண்ணீர் உள்ளே இறங்கி மரத்துக்கும் ஃபைபருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. வெளியே போக வழி இல்லை. அதோடு வருடக்கணக்கில் மீன் எண்ணெய் குடித்த பலகையில் ரெசின் சரியாகப் பிடிக்காது. பலகை ஈரத்துக்குத் தக்கபடி உப்பிச் சுருங்கும், ஃபைபர் அசையாது. இரண்டும் ஒத்துப்போக வழியே இல்லை.

மரத்தின் மேல் ஃபைபர் ஒட்டி நன்றாக ஓடுகிற படகும் உண்டு. கொச்சியில் இருக்கிற மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் ரப்பர் மரத்தைப் பதப்படுத்தி, மேலே ஃபைபர் போட்டுத் தோணி செய்து காட்டியிருக்கிறது. அது புது மரம், மருந்து ஏற்றிக் காயவைத்த மரம், ஆரம்பத்திலேயே அதற்கென்று திட்டமிட்டுச் செய்தது. உங்கள் பழைய படகுக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது.

கேள்வி: எங்கள் விடுதித் தோட்டத்தில் வைக்கப் பழைய மரப்படகு ஒன்று வாங்கியிருக்கிறோம். வருடங்கள் நிற்க என்ன செய்ய வேண்டும்?
— ஒரு வாசகர், மாமல்லபுரம்

பதில்: ஐயா, முதலில் அதற்குள் மண்ணைக் கொட்டிப் பூச்செடி வைக்கிற எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். பல இடங்களில் அப்படிப் பார்க்கிறேன், மனசு தாங்கவில்லை. ஒரு மனுஷனின் குடும்பம் சாப்பிட்ட படகு அது. செடிக்கு ஊற்றுகிற தண்ணீர் மூன்று வருடத்தில் அதைத் தின்றுவிடும்.

ஏராவின் இரண்டு பக்கமும், ஒவ்வொரு வங்குக்கும் நடுவில் விரல் அளவு துளை போட்டுவிடுங்கள். மழைத் தண்ணீர் எங்கேயும் நிற்காமல் இறங்க வேண்டும். இனி கடலுக்குப் போகாத படகு, துளை போட்டால் தப்பில்லை. புல்தரையில் வைக்காமல் கருங்கல் தாங்கிமேல் வையுங்கள். மேலே ஓலைக் கூரை போட்டால் இன்னும் நல்லது. வருடம் ஒரு தடவை மார்கழி கழிந்ததும் எண்ணெய். விற்றவரிடம் படகின் பேரையும் அது எந்த ஊர்க் கரையில் ஓடினது என்பதையும் கேட்டுப் பலகையில் எழுதி வையுங்கள்.

கேள்வி: உங்கள் பகுதியின் தலைப்பில் இருக்கிற ‘ஓடாவி’ எங்கள் ஊரிலும் புழங்குகிற சொல்தான். இரண்டு கரைக்கும் ஒரே தொழில்முறையா?
— ஒரு மாணவி, வல்வெட்டித்துறை

பதில்: வல்வெட்டித்துறையிலிருந்து எனக்குக் கேள்வி வருவதே பெருமை மகளே. மரக்கலம் கட்டுகிறவரை இரண்டு கரையிலும் ஓடாவி என்றுதான் சொல்கிறோம். நடுவில் இருக்கிறது ஒரு சின்னக் கடல்தானே. மரமும் ஆட்களும் அந்தக் காலத்தில் இங்கும் அங்கும் போய் வந்தவை. உங்கள் ஊரில் கட்டின அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் அட்லாண்டிக்கைத் தாண்டி 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. என் அப்பா வேலைக்கு நடுவில் அந்தக் கதையைச் சொன்னால் கொட்டாப்புளிச் சத்தம் நின்றுவிடும். உங்கள் ஊரில் வயதான ஓடாவிகள் இருந்தால், படகின் ஒவ்வொரு உறுப்புக்கும் அவர்கள் சொல்கிற பேரை எழுதி எனக்கு அனுப்புங்கள். எங்கள் பக்கத்துப் பேர்களோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்து இந்தப் பகுதியிலேயே போடலாம்.

கேள்வி: படகிலிருந்து கழற்றின பழைய பலகைகளை உடனே அடுப்புக்குப் போடலாமா?
— ஒரு வாசகி, பாம்பன்

பதில்: உடனே போடாதீர்கள் அம்மா. ஒவ்வொன்றிலும் சாக்கட்டியால் எண் எழுதி, எந்தப் பக்கம், அணியத்திலிருந்து எத்தனையாவது என்று குறித்து நிழலில் அடுக்கி வையுங்கள். புதுப் பலகையை அறுக்க அதுதான் அளவு. உடைந்த பலகையிலும் வளைவு இருக்கும், அந்த வளைவை எந்த டேப்பாலும் அளக்க முடியாது. படகு தண்ணீரில் இறங்கி ஒரு மாதம் ஓடட்டும். பிறகு எரிப்பதானால் ஆணியை எல்லாம் பிடுங்கிவிட்டு எரியுங்கள். பெயின்ட் பூசின பலகையைச் சமையல் அடுப்பில் வைக்கவே வேண்டாம், அந்தப் புகை ஆகாது.